லைன் மாத்தினதுல இருந்து கடை கேமரா போன்ல வரல, 1,800 வெள்ளி கட்டலாமா?

பட்டர்வொர்த்ல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல துணிக்கடை வச்சிருக்காங்க. நாலு கேமரா, அந்தப் படத்தைப் பதிவு பண்ற ஒரு டிவிஆர் பாக்ஸ், அஞ்சாறு வருஷமா வீட்ல உக்காந்தே போன்ல கடையைப் பாத்துட்டு இருந்தவங்க. போன மாசம் ஷாப்பிங் மால்ல நின்ன ஒரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டு பழைய ஃபைபர் லைனை நிப்பாட்டிட்டு, வயர் இல்லாத 5ஜி ரூட்டர் எடுத்திருக்காங்க, 24 மாச காண்ட்ராக்ட். அன்னையில இருந்து போன்ல கேமரா 'ஆஃப்லைன்'னு வருது. கடையில இருக்கிற டிவில மட்டும் நல்லா தெரியுது. கேமரா மாட்டினவரைக் கூப்பிட்டா, "டிவிஆர் பழசு, 5ஜிக்கு ஒத்துவராது, புது செட் 1,800 வெள்ளி, இல்லன்னா மாசா மாசம் காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்க"ன்னு சொல்லிட்டாராம். கடை பூட்டின பிறகு பாக்க முடியாம ராத்திரி தூக்கமே வரலைன்னு எழுதியிருக்காங்க.

அக்கா, அந்தக் காசைக் கட்டாதீங்க. ஸ்டாட்டிக் ஐபியும், அதாவது எப்பவும் மாறாத இன்டர்நெட் விலாசமும், இப்ப வாங்காதீங்க.

கடை டிவில படம் வருதுன்னா கேமரா நல்லா இருக்கு, டிவிஆரும் நல்லா இருக்கு. உங்க கேமராவுல இருந்து டிவிஆருக்கு வர்ற அந்த தடி வயருக்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமே இல்ல. "5ஜிக்கு ஒத்துவராது"ங்கிறது சுத்தப் பொய், இதை நான் கோபமாவே சொல்றேன், ஏன்னா வாரத்துக்கு ஒருத்தராவது இதே கதையோட என்கிட்ட வர்றாங்க. டிவிஆருக்குத் தெரிஞ்சது பின்னாடி சொருகியிருக்கிற லேன் கேபிள் மட்டும்தான், அந்தப் பக்கம் ரூட்டர் 5ஜில பேசுதா ஃபைபர்ல பேசுதான்னு அதுக்குத் தெரியவே தெரியாது, தெரியவும் வேண்டாம். இன்டர்நெட்டோட அடிப்படையே அதுதான். உங்க வீடியோவை சின்னச் சின்ன பாக்கெட்டா வெட்டி, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 1,500 பைட், அது மேல 'அனுப்புறவர் விலாசம், போய்ச் சேர வேண்டிய விலாசம்'னு எழுதி விடுவாங்க, வழியில இருக்கிற ரூட்டர் எல்லாம் விலாசத்தை மட்டும் பாத்து அடுத்த கைக்குத் தள்ளிவிடும். இந்த விலாசம் எழுதுற முறைக்குப் பேருதான் ஐபி. இப்பவும் நம்ம பாக்ஸ் எல்லாம் பேசுற அந்த விதி 1981-ல எழுதினது. அப்ப 5ஜி ஏது? செம்பு வயர்லயும் அதே பாக்கெட், காத்துலயும் அதே பாக்கெட்.

அப்ப ஏன் வரல? உங்களுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தே இருக்கும்னு நினைக்கிறேன்.

முதல்ல கடைக்குள்ள இருக்கிற விலாசம். கடையில இருக்கிற போன், கம்ப்யூட்டர், டிவிஆர் எல்லாத்துக்கும் ரூட்டர் ஒரு உள் விலாசம் கொடுக்கும், 192.168-ன்னு ஆரம்பிக்கும். பழைய ரூட்டர்ல உங்க டிவிஆருக்கு 192.168.0.100-ன்னு கையால எழுதி வச்சிருப்பாங்க, வெளிய போற வாசல் 192.168.0.1-ன்னு சொல்லி வச்சிருப்பாங்க. புது ரூட்டரோ 192.168.8-ன்னோ 192.168.1-ன்னோ வேற வரிசையில நம்பர் கொடுக்கும். பாவம் அந்த டிவிஆர் இன்னும் பழைய வாசலைத் தேடிப் போய்த் தட்டிட்டு இருக்கு, அந்த வாசலே இப்ப அங்க இல்ல. ரூட்டர் மாத்தின பிறகு வர்ற கேமரா பிரச்சனையில நான் முதல்ல பாக்கிறதே இதைத்தான், பாதி நேரம் இதோடயே முடிஞ்சுரும்.

சரி பண்றது சுலபம். முதல்ல டிவிஆர்ல இருந்து வர்ற லேன் கேபிள் புது ரூட்டர்ல நிஜமாவே சொருகியிருக்கான்னு பாருங்க, பழைய மோடத்தோட அதையும் கழட்டிப் போட்டிருப்பாங்க. அப்புறம் டிவிஆரோட மவுஸை எடுத்து, மெனுவுல நெட்வொர்க்னு இருக்கும், உள்ள போங்க, 'டிஹெச்சிபி'ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போட்டு சேவ் பண்ணி, பாக்ஸை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. டிஹெச்சிபின்னா 'எனக்கு விலாசம் இல்ல, நீயே ஒண்ணு கொடு'ன்னு ரூட்டர்கிட்ட கேக்கிறது, அவ்வளவுதான். விலாசம், வாசல், பேரைச் சொன்னா விலாசத்தைத் தேடித் தர்ற டிஎன்எஸ் எல்லாம் சேத்து ரூட்டரே கொடுத்துரும். மெனுவுக்குள்ள போக பாஸ்வர்ட் கேக்கும். அது உங்ககிட்ட இல்லைன்னா மாட்டினவர்கிட்ட கேளுங்க. உங்க காசுல வாங்கின பாக்ஸ், பாஸ்வர்டைத் தரமாட்டேன்னு சொல்ல அவருக்கு உரிமையே கிடையாது.

ரெண்டாவது காரணம் கொஞ்சம் பெருசு. கொண்டோவுல குடியிருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். நீங்க வெளிய போறப்ப வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகா எழுதி வச்சுக்குவார், திரும்பி வந்தா விட்டுருவார். நீங்க கூப்பிடாம யாராவது வந்து நின்னா, எந்த யூனிட்டுக்குன்னு தெரியாம உள்ள விடமாட்டார். உங்க ரூட்டர் அந்த ஜாகா மாதிரிதான். உள்ள பத்து சாமான் இருந்தாலும் வெளி உலகத்துக்கு ஒரே ஒரு விலாசம், உள்ள இருந்து யாரு எங்க பேசினாங்கன்னு குறிச்சு வச்சுக்கிட்டு, பதில் வந்தா சரியான ஆளுக்கு அனுப்பும். இதுக்கு நாட்னு பேரு. முன்னாடி உங்க கேமராக்காரர் ரூட்டர்ல 'யாராவது 8000-ங்கிற கதவு நம்பரை (போர்ட்) கேட்டா டிவிஆருக்கு அனுப்பு'ன்னு எழுதி வச்சிருப்பார், அதுதான் போர்ட் ஃபார்வர்டிங். போன்ல கடையோட வெளி விலாசத்தையும் அந்த நம்பரையும் போட்டுத்தான் நீங்க இத்தனை வருஷம் பாத்திருப்பீங்க.

இப்ப 5ஜி லைன்ல என்ன ஆச்சுன்னா, உங்க கொண்டோ ஜாகாவுக்கு வெளிய தாமான் (குடியிருப்புப் பகுதி) முகப்புல இன்னொரு ஜாகா நிக்கிறார், அவர் டெலிகாம் கம்பெனி ஆள். ஆயிரக்கணக்கான வீட்டையும் கடையையும் ஒரே விலாசத்துக்குப் பின்னாடி வச்சிருக்காங்க. உங்க ரூட்டர்ல நீங்க என்ன எழுதி வச்சாலும் முகப்புல நிக்கிறவர் அதைப் படிக்க மாட்டார், வெளிய இருந்து தட்டுறவனை அங்கேயே திருப்பி அனுப்பிடுவார். சிஜிநாட்னு சொல்வாங்க. ஏன் இப்படின்னா விலாசம் பத்தல. பழைய ஐபி முறையில மொத்தமே 430 கோடி நம்பர்தான், உலகத்துக்கே பங்கு போடுற மைய கையிருப்பு 2011 பிப்ரவரிலயே காலி. 2012-ல இந்த டெலிகாம் முகப்புக்குன்னே 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் ஒரு வரிசையை ஒதுக்கிட்டாங்க. ஐபிவி6-ன்னு புது முறை இருக்கு, நம்பருக்குப் பஞ்சமே இல்ல, ஆனா உங்க டிவிஆர் வயசுக்கு அதை நம்ப வேண்டாம், விட்டுருவோம்.

நீங்க அந்த ரெண்டாவது ஜாகாவுக்குப் பின்னாடி இருக்கீங்களான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுக்கலாம். கடையில நின்னு, போன்ல டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு கடை வைஃபைல மட்டும் இருங்க, இதை மறந்துட்டா எல்லாம் தப்பாப் போயிரும். ரூட்டருக்கு அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல ஒரு விலாசம் இருக்கும், அதைப் பிரௌசர்ல போட்டு உள்ள போனா 'வான் ஐபி' (WAN IP)ன்னு ஒரு நம்பர் காட்டும், அதுதான் ரூட்டரோட வெளி விலாசம். எழுதி வச்சுக்குங்க. அப்புறம் கூகுள்ல 'என் ஐபி என்ன'ன்னு இங்கிலீஷ்ல தேடி, அது காட்டுற நம்பரைப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா முகப்புல யாரும் இல்ல. வேற வேறயா இருந்தா, அதுவும் ரூட்டர்ல காட்டுறது 10-ன்னோ, நான் சொன்ன அந்த 100.64 வரிசையிலயோ ஆரம்பிச்சா, இருக்கார்.

இருந்தாலும் கவலைப்படாதீங்க. உள்ள இருந்து வெளிய போறதை எந்த ஜாகாவும் தடுக்கிறது இல்ல. ஓரளவு புது டிவிஆர் எல்லாத்துலயும் பி-டு-பின்னோ 'கிளவுட்'னோ 'பிளாட்ஃபார்ம் ஆக்சஸ்'னோ ஒரு வசதி இருக்கும். அதை ஆன் பண்ணா டிவிஆரே வெளிய போய் கம்பெனி சர்வர்கிட்ட 'நான் இங்க இருக்கேன்'னு சொல்லி வச்சிரும், உங்க போனும் அதே சர்வர்கிட்ட போகும், சர்வர் ரெண்டு பேரையும் கோத்து விட்டுரும், நேரா கோக்க முடியலைன்னா தானே நடுவுல நின்னு படத்தை வாங்கி வாங்கிக் கொடுக்கும். போர்ட் ஃபார்வர்டிங்கும் வேண்டாம், ஸ்டாட்டிக் ஐபியும் வேண்டாம். போன் ஆப்ல பழைய என்ட்ரியை அழிச்சிட்டு, டிவிஆர் மெனுவுல காட்டுற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் புதுசா சேருங்க.

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ஸ்கேன் பண்ணதும் 'இந்த டிவிஆர் வேற ஒரு அக்கவுண்ட்ல ஏற்கனவே இருக்கு'ன்னு வந்துச்சுன்னா, மாட்டினவர் அவரோட சொந்த அக்கவுண்ட்ல போட்டுட்டு உங்களுக்கு வெறும் ஷேர் கொடுத்திருக்கார்னு அர்த்தம். அதாவது உங்க கடை கல்லாப்பெட்டியை அவர் எப்ப வேணும்னாலும் அவர் வீட்ல உக்காந்து பாக்கலாம். பெண்கள் துணி போட்டுப் பாக்கிற இடத்துக்குப் பக்கத்துல கேமரா இருந்தா யோசிச்சுப் பாருங்க. பழக்கத்துல பண்ணிட்டேன்னு சொல்வாங்க, எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. உடனே அவர் அக்கவுண்ட்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க, எடுக்கும்போது பக்கத்துல நில்லுங்க, எடுத்ததும் உங்க ஈமெயில்ல புது அக்கவுண்ட் போட்டு டிவிஆர் பாஸ்வர்டையும் மாத்துங்க. உங்க கடைக்கு 1,800 வெள்ளி செட்டை விட இது அவசரம்.

அதே மாதிரி, 'பழையபடி போர்ட் திறந்து விடுறேன், கொஞ்சம் கொடுங்க'ன்னு யாராவது வந்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க. திறந்த போர்ட்டை உலகத்துல யாரு வேணும்னாலும் தட்டலாம், ஆளே வேண்டாம், புரோகிராம் எழுதி விட்டுட்டு ராத்திரி பூரா தட்டுவாங்க. 2016-ல மிராய்னு ஒரு வைரஸ் இப்படித்தான் பரவுச்சு. பெட்டியில இருந்து வந்த பாஸ்வர்டையே மாத்தாம விட்ட கேமரா, டிவிஆர், ரூட்டர் எல்லாத்துலயும் அறுபதுக்கு மேல ரெடிமேட் பாஸ்வர்டைப் போட்டுப் பாத்து உள்ள புகுந்துச்சு. அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் பெட்டிகளை எல்லாம் சேத்து ஏவிவிட்டு டைன்ங்கிற டிஎன்எஸ் கம்பெனியைப் படுக்க வச்சாங்க, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல இடத்துல திறக்கல. அதுல இருந்தது உங்க கடை மாதிரி சாதாரண கடைகள்ல தூங்கிட்டு இருந்த பெட்டிகள்தான்.

ஸ்டாட்டிக் ஐபியே தேவையில்லையான்னா, தேவைப்படுறவங்க இருக்காங்க. இதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இதை வச்சுத்தான் வியாபாரம் பண்றாங்க. பிறையில ஒரு ஆபீஸ், கணக்கு சாஃப்ட்வேர் அவங்க சொந்த சர்வர்ல ஓடுது, ஈப்போ, சுங்கைப் பட்டாணி கிளையில இருந்து விபிஎன்ங்கிற பாதுகாப்பான தனி வழி போட்டு உள்ள வந்து பில் அடிக்கணும். அவங்களுக்கு வேணும், சர்வர் எங்க இருக்குன்னு கிளைக்குத் தெரியணும் இல்லையா. ஆனா மூணு இடத்துக்கும் ஸ்டாட்டிக் ஐபி போடணும்னு கொட்டேஷன் கொடுத்திருந்தாங்க. தப்பு. பிறைக்கு ஒண்ணு போதும். கிளைங்க வெளிய போய்த் தட்டுற பக்கம், அது சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருந்தாலும் தட்டலாம். யாரு தட்டுறா, யாரு கதவைத் திறக்கிறான்னு மட்டும் கேளுங்க, திறக்கிற பக்கத்துக்குத்தான் நிரந்தர விலாசம். சப்ளையரோட சிஸ்டம் 'இந்த ஒரு ஐபில இருந்து வந்தாத்தான் விடுவேன்'னு சொன்னா மட்டும் தட்டுற பக்கத்துக்கும் வேணும். துணிக்கடை கேமரா இது ரெண்டுலயும் வராது.

ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, 5ஜில டேட்டா. டிவிஆர் ரெண்டு விதமா படம் அனுப்பும். தெளிவு கூடின மெயின் ஸ்ட்ரீம் ஒரு கேமராவுக்கு நொடிக்கு 4 மெகாபிட்னு வச்சா ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி போயிரும், நாலு கேமராவைத் திறந்து வச்சுட்டுத் தூங்கிட்டா காலையில கோட்டா காலி. தெளிவு குறைஞ்ச சப் ஸ்ட்ரீம் நொடிக்கு 512 கிலோபிட்னா மணிக்கு ஏறக்குறைய 230 எம்பிதான். ஆப்ல 'எஸ்டி'ன்னு இருக்கிறதுல வச்சுக்குங்க, ஏதாவது சந்தேகமா தெரிஞ்சா மட்டும் எச்டிக்கு மாத்துங்க. ரெக்கார்டிங் கடை பெட்டிக்குள்ளயே நடக்குது, அதுக்கு இன்டர்நெட்டே வேண்டாம்.

லைன் விக்கிறவங்க மேலயும் எனக்கு ஆத்திரம் இருக்கு. 'வயர் வேண்டாம், பிளக் பண்ணா போதும்'னு பேனர் அடிக்கத் தெரியுது, 'வெளிய இருந்து உள்ள வர முடியாது'ன்னு ஒரு வரி அந்த ஃபாரத்துல போட முடியல. ஏஜென்டுக்கு கமிஷன், அவருக்கே தெரியாது. கஸ்டமர் சர்வீஸுக்குக் கூப்பிட்டா மோடத்தை ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு மூணு தடவை சொல்லிட்டு வச்சிருவாங்க. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி 'பப்ளிக் ஐபியா, சிஜிநாட்டா'ன்னு எழுத்துல கேளுங்க, வாட்சாப்ல பதில் வந்தாலும் போதும், வச்சுக்குங்க. உங்க ஏஜென்ட் 'கேமரா எல்லாம் பழையபடியே ஓடும்'னு சொல்லி வித்திருந்தா, முதல்ல கம்பெனிலயே கம்ப்ளேன் பண்ணி ரிப்போர்ட் நம்பர் வாங்குங்க, சரியான பதில் இல்லைன்னா அந்த நம்பரோட எம்சிஎம்சி (டெலிகாம் கம்பெனிகளை மேற்பார்வை பண்ற அரசாங்க ஆணையம்) அடுவான்ல, அதாவது புகார் பிரிவுல, போடுங்க. ரிப்போர்ட் நம்பர் இல்லாம நேரா அங்க போனா திருப்பி அனுப்பிடுவாங்க.

காண்ட்ராக்டை இப்ப உடைக்காதீங்க, அபராதம் கட்டுற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல. முதல்ல கேபிள், அப்புறம் டிஹெச்சிபி டிக், அப்புறம் கியூஆர். மெனுவுல பி-டு-பி மாதிரி எதுவுமே இல்லாத ரொம்பப் பழைய பாக்ஸா இருந்தா டிவிஆர் பாக்ஸை மட்டும் மாத்தினா போதும், புது பாக்ஸ் உங்க கேமரா வகைக்கு ஒத்துவருமான்னு கேட்டு வாங்குங்க, கேமராவையும் வயரையும் கழட்டவே விடாதீங்க. சரிவரலைன்னா டிவிஆரோட நெட்வொர்க் பக்கத்தையும் ரூட்டரோட வான் ஐபி பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, பாஸ்வர்டும் கியூஆர் கோடும் தெரியாம எடுங்க.