கைப்பிடி பொருத்துமுன் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 72. குளியலறையில் இரண்டு முறை வழுக்கிவிட்டது. சுவரில் பொருத்த ஸ்டீல் கைப்பிடி வாங்கிவிட்டேன். டிரில் மெஷினும் இருக்கிறது. நானே மாட்டலாமா? டைல்ஸ் உடைந்துவிடுமோ என்று பயம்.

பதில்: மாட்டலாம். டைல்ஸ் உடைந்தால் ஒரு டைலோடு போயிற்று. பயப்பட வேண்டியது அதற்குப் பின்னால் ஓடும் பைப்புக்கும் வயருக்கும்தான்.

குழாய், ஷவர், டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் வால்வு) இவற்றுக்கு நேர் மேலும் கீழும் பெரும்பாலும் பைப் போகும். ஸ்விட்ச், கீசர் பாயின்ட்டிலிருந்து வயர் நேராக மேலே ஏறும். அந்தக் கோடுகளில் துளை போடவே வேண்டாம். சுவரின் மறுபக்கம் சமையலறைக் குழாயோ ஸ்விட்ச் போர்டோ இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். நாலரை அங்குலச் சுவரில் அது ரொம்பப் பக்கம். டைல்ஸ் ஒட்டுமுன் எடுத்த போட்டோ யாரிடமாவது இருந்தால் தேடி எடுங்கள். குறுக்கே பைப் இழுத்துவிட்டுப் போன பிளம்பர்களும் உண்டு!

அதனால் தொட்டி வால்வை மூடி, குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். பேட்டரி டிரில் இரவல் கிடைத்தால் வீட்டு மெயினையே இறக்கிவிடலாம். எனக்கு அதுதான் நிம்மதி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். கையுறையும் தொங்கும் துண்டும் வேண்டாம், சுற்றும் பிட் இழுத்துக்கொள்ளும்.

குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. டைல் பிட்டில், டிரில்லின் ஹேமர் மோடை (இடித்துத் துளைப்பது) நிறுத்திவைத்து, மெதுவாகத் துளையுங்கள். டைல் தாண்டியதும் கான்கிரீட் பிட்டுக்கு மாறி, ஹேமரைப் போடலாம். சாம்பல் தூளுக்குப் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல்லைத் தொட்டாயிற்று. தூள் ஈரமாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பலரும் கோட்டைவிடுவது பிளக்கில், அதாவது ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் உறையில். டைல், பூச்சு இரண்டும் சேர்ந்தே ஏறக்குறைய ஓர் அங்குலம். பிளக் அதற்குள்ளேயே நின்றால் ஸ்க்ரூ முறுக்கும்போது விரிந்து டைலைப் பிளக்கும், பிடிப்பும் இருக்காது. செங்கல்லுக்குள் தள்ளி இறக்கி, அதற்கேற்ற நீள ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள். தூள் சிவப்பாக வராமல், பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அது லேசான பிளாக் சுவர். சாதாரண பிளக் நிற்காது, ஆளைக் கூப்பிடுங்கள்.

கைப்பிடியின் உயரம் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம். அம்மாவை நிற்கவைத்துக் கை போகும் இடத்தைக் குறித்துக்கொள்வது இன்னும் நல்லது. மாட்டியதும் முதலில் நீங்கள் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள். அப்புறம், பக்கத்தில் டவல் ராட் இருந்தால் கழற்றிவிடுங்கள். வழுக்கும் நேரத்தில் கை எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.