பெட்டிக்குள் இருந்தும் கைக்கு வராத ஃபங்ஷன்

கேள்வி: சி நிரலை லைப்ரரியைக் கொடுத்துத்தான் லிங்க் செய்கிறேன், அதாவது துண்டுகளை இணைத்து ஒரே நிரலாக்குகிறேன். ஆனாலும் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ (அழைத்த பெயர் கிடைக்கவில்லை) என்கிறது. கட்டளையில் முதலில் -எல்கணக்கு (அந்த லைப்ரரி), அடுத்து மெயின்.ஓ (கம்பைல் செய்த என் ஆப்ஜெக்ட் கோப்பு).

பதில்: இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் கோப்புகளைப் போட்டுவைத்த பெட்டி, அவ்வளவுதான். குனூ லிங்கர், அதாவது இணைக்கும் கருவி, கட்டளையை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. பெட்டியை எட்டும்போது, அதுவரை தேடியும் கிடைக்காத பெயர்களைத் தரும் கோப்புகளை மட்டும் உருவிக்கொண்டு நகர்ந்துவிடும். உங்கள் பெட்டி வந்தபோது எவரும் எதையும் கேட்டிருக்கவில்லை. பிறகு மெயின்.ஓ கேட்கிறது, லிங்கர் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்எல்டி (LLD) என்ற வேறொரு லிங்கரோ பார்த்த பெயர்களை நினைவில் வைத்திருக்கும். நண்பரின் கணினியில் இதே கட்டளை ஓடினால் வியக்காதீர்கள்.

கேள்வி: வரிசை சரி. பெயர்களைப் பட்டியலிடும் என்எம் (nm) கட்டளையைப் போட்டால் லைப்ரரியில் பெயரும் தெரிகிறது. பிழை போகவில்லை.

பதில்: பெயருக்கு முன்னால் என்ன எழுத்து? பெரிய டி (T) என்றால் ஃபங்ஷன் உள்ளே இருக்கிறது. சிறிய டி (t) என்றால் அந்த ஃபங்ஷனை ஸ்டாட்டிக் என்று அறிவித்திருக்கிறீர்கள், தன் கோப்புக்கு வெளியே தெரியாது. யூ (U) என்றால் அந்தக் கோப்பும் உங்களைப் போலவே தேடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: யூதான். ஆனால் அந்த ஃபங்ஷன் உள்ள இன்னொரு .ஏ கோப்பை (ஸ்டாட்டிக் லைப்ரரியை), பெட்டி கட்டும் கருவியான ஏஆர் (ar) கொண்டு இதற்குள் சேர்த்துவிட்டேனே?

பதில்: அங்கேதான் சிக்கல். பெட்டிக்குள் பெட்டி வைத்தால் லிங்கர் உள்பெட்டியைத் திறக்காது. இரண்டாவதைத் தனியாகக் கட்டளையின் கடைசியில் கொடுங்கள். உள்பெட்டியில் உள்ளவற்றைப் பிரித்தெடுத்துச் சேர்க்கலாம்தான், ஆனால் ஒரே பெயரில் இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகள் இருந்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும்.

கேள்வி: லைப்ரரிகள் இரண்டு ஒன்றையொன்று அழைக்கின்றன.

பதில்: முதலாவதைக் கடைசியில் மறுபடி எழுதினால் பெரும்பாலும் போதும். தீராவிட்டால் இரண்டையும் ஸ்டார்ட்-குரூப், எண்ட்-குரூப் என்ற லிங்கர் தேர்வுகளுக்கு நடுவே வையுங்கள். என்னைக் கேட்டால், பிரித்த விதத்தையே திருத்துவேன்.

கேள்வி: ஜிசிசி (சி கம்பைலர்) 10க்கு மாறியதும் ‘மல்ட்டிபிள் டெஃபினிஷன்’ (ஒரே பெயருக்குப் பல வரையறைகள்) வருகிறது. நிரலை நான் தொடவே இல்லை.

பதில்: பல சி கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் ஹெடரில், ‘வரையறை வேறிடத்தில்’ என்று சொல்லும் எக்ஸ்டர்ன் இல்லாமல் ஒரு குளோபல் மாறி இருக்கும். பழைய ஜிசிசி அதைப் பொறுத்துக்கொண்டது. 2020இல் வந்த 10ஆம் பதிப்பு -எஃப்நோ-காமன் (இதைப் பொறுத்துக்கொள்ளாதே என்னும் தேர்வு) என்பதை இயல்பாக்கிவிட்டது. ஹெடரில் எக்ஸ்டர்ன் போட்டு, ஒரே ஒரு சி கோப்பில் மாறியை வரையறுங்கள். பழைய நடத்தைக்குத் திருப்பும் -எஃப்காமன் கொடுத்தால் பிழை வாயை மூடிக்கொள்ளும், நான் கொடுக்கமாட்டேன்.

கேள்வி: நீக்கிவிட்ட சி கோப்பின் ஃபங்ஷன் இன்னும் லிங்க் ஆகிறது!

பதில்: லைப்ரரியைக் கட்டும் ‘ஏஆர் ஆர்சிஎஸ்’ (ar rcs) கட்டளை புதியதைச் சேர்க்கும், இருப்பதை மாற்றும், நீங்கள் நீக்கியதை அது அறியாது. ஒரு மாலைப் பொழுதையே இதில் தொலைத்திருக்கிறேன். கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலில் அந்த வரிக்கு முன்பாகப் பழைய .ஏ கோப்பை அழித்துவிடுங்கள்.