ஐஸ் ஹாக்கிக்குப் பென்ஷன் உண்டா?

கேள்வி: என் மகன் வயிற்றுப் பேரன் டொரொன்டோவில் படிக்கிறான். வயது 14. கணக்கில் கெட்டி. ஆனால் ஐஸ் ஹாக்கி ஆடித்தான் சம்பாதிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். மகனும் மருமகளும் அவன் பக்கம். இது நிரந்தரமான தொழில்தானா? தங்கள் மேலான கருத்தை அறிய ஆவல்.
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருமங்கலம்

பதில்: ஐயா, கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுகொண்டேன். தீபாவளி மலரில் ஒரு 'ப்' விட்டுப்போச்சு என்று மூன்று பக்கத்துக்கு எழுதியவர் நீங்கள்தானே? அந்த இடத்தில் ஒற்று மிகாது என்பதுதான் இன்றுவரை என் கட்சி. அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

'நிரந்தரமான' என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருக்கிறீர்கள். நம் மதுரைச் சீமைக்கு இதன் மேல் அப்படி என்னதான் பித்தோ! பெண் வீட்டார் முதலில் கேட்பதும் இதைத்தான். பையன் நல்லவனா என்பது நாலாவதோ ஐந்தாவதோ கேள்வி. ஒப்பந்த ஊழியர் என்றால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதே பையனுக்குப் பணி நிரந்தர ஆணை வந்துவிட்டால் செவ்வாய் தோஷம்கூடத் தானாக நிவர்த்தியாகிவிடும். அலங்காநல்லூரில் பாருங்கள். வாடிவாசலைத் தாண்டி வருகிற காளையின் திமிலைக் கட்டிக்கொண்டு தொங்குகிறான் ஒருவன். கொம்பு விலாவை உரசிக்கொண்டு போகிறது, விடவில்லை. அவனுக்குக் கார் பரிசு. கார் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தால் என்ன கேட்கிறான்? அரசு வேலை! வருஷா வருஷம் இதே கோரிக்கைதான். கொம்புக்கு அஞ்சாதவனையே ஓய்வுக்காலம் அப்படிப் பயமுறுத்துகிறது.

நீங்கள் 2003 ஏப்ரலுக்கு முன்னால் வேலையில் சேர்ந்தவர். பழைய ஓய்வூதியம், மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு, நிரந்தரம் இல்லாத எதுவும் தொழிலாகவே தெரியாது. சரி, உங்கள் வயிற்றில் பாலை வார்க்கிறேன். ஐஸ் ஹாக்கியின் உச்சமான என்.ஹெச்.எல். லீக்கில் பென்ஷன் உண்டு. பென்ஷனுக்காக அங்கே வழக்கும் நடந்தது. தங்கள் ஓய்வூதிய நிதியில் சேர்ந்த உபரிப் பணத்தை லீக் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992-ல் ஒன்டாரியோ நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். வழக்குப் போட்டவர்களில் ஒருவர் கோர்டி ஹோவ். 1946-ல் என்.ஹெச்.எல்.லில் ஆட ஆரம்பித்தவர், நடுவில் ஒருமுறை ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து, 1980-ல் 52 வயதில்தான் மட்டையைக் கீழே வைத்தார். கடைசிப் பருவத்தில் தன் இரண்டு மகன்களோடு ஒரே அணியில் ஆடினார். உங்கள் சங்கத்துக் கூட்டத்தில் அவர் படத்தை மாட்டலாம்.

மற்றவர்கள் கதை வேறு. லீக்கில் 32 அணிகள். ஓர் அணிக்கு 23 பேர். மொத்தம் 736 இடம், அத்தனையிலும் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. இந்த நிலையில் ஒவ்வொரு ஆண்டும் 'டிராஃப்ட்' என்று ஒன்று நடத்தி ஏழு சுற்றில் 224 இளைஞர்களைப் பொறுக்குகிறார்கள். மீதிக் கணக்கைப் பேரனே போடட்டும், கெட்டி என்றுதானே எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு வயதில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு முதல் ஒப்பந்தம் மூன்று வருஷம். அதிலும் பலருக்கு இருவழி ஒப்பந்தம். இன்றைக்குப் பெரிய அணியில் இருந்தால் ஒரு சம்பளம், நாளைக்குக் கீழ் லீக்குக்கு அனுப்பிவிட்டால் அதில் ஒரு சிறு பங்குதான். எந்த அணியில் எத்தனை நாள் என்று நாள் கணக்குப் பார்த்துப் பட்டுவாடா. உங்கள் பாஷையில் தினக்கூலி. என்ன, பெரிய லீக்கில் குறைந்தபட்சச் சம்பளமே 2025-26 பருவத்தில் வருஷத்துக்கு 7,75,000 டாலர்.

டிராஃப்டில் பையன் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை, அணிதான் பையனைத் தேர்ந்தெடுக்கிறது. நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம்தான்: உயரம், எடை, பல் வரிசை, நடை, குடும்பப் பின்னணி எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் 'சொல்லி அனுப்புகிறோம்' என்பார்கள். இந்தப் படலத்தில் மாட்டேன் என்று எழுந்து போனவர் எரிக் லின்ட்ரோஸ். 1991-ல் முதல் ஆளாகக் கியூபெக் அணி அவரை எடுத்தது. அங்கே ஆட முடியாது என்று ஒரு வருஷம் பிடிவாதமாக இருந்தார். 1992-ல் அவரைப் பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்களை வாங்கிக்கொண்டது கியூபெக். அந்த அணி 1995-ல் டென்வருக்குக் குடிபெயர்ந்து, 1996-ல் லீக் சாம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கோப்பையையே தூக்கியது. லின்ட்ரோஸ் கைக்குக் கடைசிவரை அந்தக் கோப்பை வரவேயில்லை.

கோப்பை என்றதும் கேட்கத் தோன்றுகிறது. பேரன் எந்த அணிக்கு ஆசைப்படுகிறான்? டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்றால் ரொம்பப் பொறுமை வேண்டும். அவர்கள் கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1967 மே மாதம். இங்கே அண்ணா முதல்வராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்தியப் பூர்விகம் உள்ளவனை அங்கே சேர்ப்பார்களா என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 1989-லேயே ராபின் பாவா என்.ஹெச்.எல்.லில் ஆடிவிட்டார்.

எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு, இங்கே கொட்டிவிடுகிறேன். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியைச் சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின. 24 நாடுகள். நம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், சைக்கிளில் போகிற தூரத்தில். இந்தப் பகுதிக்கு ஒரு கேள்வி வந்ததா? கிடையாது. வந்த கடிதங்களில் பாதி ஐ.பி.எல். ஏலத்தைப் பற்றி. பக்கத்தில் கோவில்பட்டியில் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் ஹாக்கி மட்டையோடு வளர்கிறார்கள். அதைப் பற்றியும் ஒரு வரி எழுத ஆள் இல்லை. பேரன் பனியில் சறுக்கினால்தான் திருமங்கலத்துக்கு ஹாக்கி ஞாபகம் வருகிறது.

அப்புறம், ஐஸ். கரிமேடு மீன் மார்க்கெட்டில் மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்து இறங்கும் ஐஸ் பார்களைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்தவன் நான். கொக்கி போட்டு இழுத்தால் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். (அதே ஐஸை உடைத்து ஜிகர்தண்டாவில் கொட்டுகிற அநியாயத்தைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு எழுதி, போதுமான அளவு திட்டும் வாங்கியாயிற்று.) கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் சாம்போனி என்றொருவர், தம்பியோடு சேர்ந்து இந்த ஐஸ் பார் வியாபாரம்தான் செய்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி வந்தது, வியாபாரம் படுத்தது. கையில் இருந்த குளிரூட்டும் சாமான்களை வைத்து 1940-ல் ஒரு சறுக்கு மைதானம் திறந்தார்கள். ஆடி ஆடிக் கீறல் விழுந்த பனித்தரையைச் சீவி, கழுவி, தண்ணீர் விட்டு மறுபடி உறைய வைக்க ஆட்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 1949-ல் அந்த வேலையைச் சில நிமிஷத்தில் முடிக்கிற வண்டியைச் செய்தார் சாம்போனி. இன்றைக்கும் ஆட்டத்தின் இடைவேளையில் ஒரு வண்டி உருண்டு வந்து பனியின் மேல் சுடுதண்ணீர் விட்டுக்கொண்டு போகும். யார் தயாரித்த வண்டியாக இருந்தாலும் ஜனங்களுக்கு அது 'சாம்போனி'தான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. லின்ட்ரோஸுக்குப் பிரெட் என்று ஒரு தம்பி. 1994 டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக எடுக்கப்பட்டவர். மூளை அதிர்ச்சி திரும்பத் திரும்ப வந்து 1996-ல் ஆட்டத்தையே விட்டார். அப்போது அவருக்கு 20 வயது. அண்ணனின் ஆட்டத்தையும் தலையில் பட்ட அடிகள்தான் குலைத்தன. அடி பட்டவன் பெரும்பாலும் மயங்கி விழமாட்டான். எழுந்து, 'எனக்கு ஒன்றுமில்லை' என்பான். கண் கூசும், குமட்டும், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பான். கனடாவில் 2013-லிருந்து 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் ஆட்டத்தில் உடம்பால் மோதித் தள்ளுவதற்குத் தடை. உங்கள் பேரனுக்கு 14. அந்த வேலி தாண்டியாயிற்று.

ஒன்டாரியோவில் 2018-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. தலையில் அடி என்ற சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் சரி என்று சொல்லாமல் திரும்ப இறக்கக் கூடாது. இந்தச் சங்கதிகளைப் படித்துப் பார்த்தோம் என்று பெற்றோரும் உறுதி சொல்ல வேண்டும். உங்கள் மகன் படித்துவிட்டுச் சொன்னாரா, நாம் இங்கே ஃபாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற மாதிரி போட்டாரா என்று அடுத்த முறை வாட்ஸ்அப்பில் பேசும்போது கேளுங்கள். பையன் தலைவலி என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கு மைதானத்துக்கு அனுப்பாதே என்றும் சொல்லிவிடுங்கள். செலக்ஷன் போய்விடுமே அப்பா என்பார். போனால் போகட்டும்.