பதற்றத்தால் தூக்கம் வரவில்லை, மின் அக்குபங்சர் செய்யலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்ட அக்காவுக்கு: சீன வைத்தியர் ஊசியில் கரண்ட் வைப்பதாகச் சொன்னதும் பயந்துவிட்டீர்கள் போல. கரண்ட் வருவது வெறும் பேட்டரிப் பெட்டியிலிருந்துதான். உச்சந்தலையிலும் புருவ நடுவிலும் மயிரிழை ஊசி குத்தி, இரண்டிலும் கிளிப் மாட்டுவார்கள். லேசாகத் துடிக்கும். வலித்தால் உடனே சொல்லுங்கள், குறைப்பார்கள்.

பலன்? 2022இல் வெளியான ஷாங்காய் ஆய்வில் 270 பேர். 8 வாரம் இதைச் செய்துகொண்டவர்களுக்குத் தூக்கம் நன்றாகவே தேறியது. ஆனால் அவர்களுக்கு இருந்தது மனச்சோர்வு. பதற்றத்துக்கும் அப்படியே பலிக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தூக்கமின்மைக்கென்றே உள்ள மனநலப் பயிற்சிக்குத்தான் (CBT-I என்பார்கள்) டாக்டர்கள் முதலிடம் தருகிறார்கள். கிளினிக்கில் அதைக் கேளுங்கள்.

பேஸ்மேக்கர் இருந்தால் இது வேண்டவே வேண்டாம். கர்ப்பம், வலிப்பு என்றால் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். வைத்தியர் மலேசியாவின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருத்துவச் சட்டப்படி பதிந்தவரா, ஊசி புதிதாகப் பிரித்ததா என்று பாருங்கள். அப்புறம், ராத்திரி தே தாரிக்கை (ஆற்றிய பால் டீ) விட்டுவிடுங்கள்!