இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். என் தாய்மாமா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 1988-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு வவுனியாவில் இருந்தார். ஒண்டிக்கடைப் பக்கம் டீ குடிக்கப் போனால் பேச்சு எப்படியும் அங்கே போய்விடும். “யாழ்ப்பாணம் நம்ம கையில இருந்துச்சு, எலக்‌ஷன் நடத்திக் காட்டினோம், அவங்க காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா முடிச்சிருப்போம்” என்பார். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா செய்ததும் இதே தப்புதானாம். கல்லூரியில் படிக்கும் என் மகன் அவரோடு சண்டைக்கே போய்விட்டான். யார் சொல்வது சரி?

அன்புடன்,
செ., ஏற்காடு

அன்புள்ள செ.,

உங்கள் மாமா சொல்லும் தகவல்களில் பொய் இல்லை. அதை முதலில் மகனிடம் சொல்லுங்கள். 1987 அக்டோபரில் இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அந்த மாதக் கடைசிக்குள் யாழ்ப்பாண நகரம் இந்தியப் படையின் கைக்கு வந்தது. 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. புலிகள் வன்னிக் காட்டுக்குள் போனதும் உண்மை. அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். ஆனால் அதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தத் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். புலிகள் அதைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கிழக்கில் போட்டி இருந்தது, மக்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள். வடக்கில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. இந்தியா ஆதரித்த இயக்கங்களின் வேட்பாளர்கள் போட்டியில்லாமலே தேர்வானார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் யாரும் வாக்குச்சாவடி வரை நடக்க வேண்டிய தேவையே வரவில்லை. கணக்கில் அதுவும் தேர்தல்தான்.

படையின் அளவையும் பாருங்கள். சில ஆயிரம் பேரோடு தொடங்கியது 70,000-ஐத் தாண்டியது. ஜெயித்துக்கொண்டிருக்கும் படைக்கு நாளாக நாளாக ஆள் குறைவாகத்தானே தேவைப்பட வேண்டும்?

நம் மாவட்டத்து அகதி முகாம் ஒன்றில் ஒரு அம்மாவைப் பல வருஷங்களாகத் தெரியும். 1987 ஆகஸ்டில் இந்திய வண்டிகள் அவர் தெருவுக்குள் வந்தபோது வாசலில் நிறைகுடம் வைத்து வரவேற்றவர். அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இந்தியப் படையினர் சுட்டதில் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று 60 பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டார்கள் என்றது படைத் தரப்பு. அந்த அம்மாவுக்கு அந்த விளக்கம் எதற்கு? அதற்கப்புறம் வண்டிச் சத்தம் கேட்டால் அவர் முதலில் பின்கதவைத் திறந்து வைப்பாராம், மகன் ஓடுவதற்கு.

1989-இல் அந்தப் பின்கதவு இன்னும் அதிகம் தேவைப்பட்டது. இந்தியா போன பிறகு மாகாண அரசைக் காப்பாற்ற ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். அதற்குத் தெருவில் போன பையன்களைப் பிடித்துப் போனார்கள். பள்ளிக்கூடப் பையன்களும் அதில் இருந்தார்கள். இந்தியப் படை ஒவ்வொரு இடமாகக் காலி செய்யச் செய்ய, அந்தத் தமிழ் இராணுவத்தின் முகாம்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புலிகளிடம் விழுந்தன. 1990 மார்ச் 24 அன்று கடைசிச் சிப்பாய் கப்பல் ஏறுவதற்கு முன்பே முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் இந்தியாவுக்கு வந்துவிட்டார். இரண்டரை வருஷத்தில் நாம் கட்டியது நாம் நிற்கும்வரை மட்டுமே நின்றது. அதில் செத்த நம் வீரர்கள் 1,100-க்கும் மேல். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பையன்களை நினைத்தும் வருகிறது, உங்கள் மாமாவோடு போய்த் திரும்பாதவர்களை நினைத்தும் வருகிறது.

சரி, இன்னும் ஒரு வருஷம்? எந்த ஆதரவில் இருந்திருப்பார்கள்? வெளியேறச் சொன்னது இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா. அவர் 1989-இல் புலிகளோடு பேசியதோடு நிற்கவில்லை, அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தார். கொழும்பும் வேண்டாம் என்கிறது, காட்டில் இருப்பவர்களும் வேண்டாம் என்கிறார்கள், ஊர்க்காரர்கள் கதவைச் சாத்துகிறார்கள்.

ஆப்கானிஸ்தானில் அந்த ‘இன்னும் ஒரு வருஷம்’ 20 வருஷம் கிடைத்தது. தளபதிகள் வருவார்கள், முன்னேற்றம் என்பார்கள், போவார்கள். எந்த மாவட்டம் யார் கையில் என்று கணக்கெடுத்து வந்தார்கள். அது சாதகமாக இல்லாமல் போக, 2019 வாக்கில் அந்தக் கணக்கெடுப்பையே நிறுத்திவிட்டார்கள். காகிதத்தில் ஆப்கன் படையும் போலீசும் 3,00,000 பேர். அதில் பலர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தவர்கள். நிலத் தகராறு வந்தால் கிராமத்து ஆள் பல இடங்களில் தாலிபான் நீதிமன்றத்துக்குப் போனான். அங்கே லஞ்சம் குறைவு, தீர்ப்பு சீக்கிரம். 2021 ஆகஸ்ட் 6 அன்று சரஞ்ச் என்ற மாகாணத் தலைநகரம் தாலிபானிடம் விழுந்தது, 15 அன்று காபூல். தாலிபானை நான் ஆதரிக்கவில்லை. அந்நாட்டுப் பெண்களுக்கு அதற்கப்புறம் நடப்பது கொடுமை. ஆனால் பத்து நாளில் சரிந்தது ஒருநாளும் உறுதியாக நின்றதில்லை.

மகனைச் சண்டை போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாமாவிடம் அவன் ஒன்று கேட்கட்டும். வவுனியாவில் ரோந்து போனபோது, “இந்தப் பாதையில் கண்ணிவெடி இருக்கு, போகாதீங்க” என்று ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்களா? மாதம் போகப் போக அப்படிச் சொன்னவர்கள் கூடினார்களா, குறைந்தார்களா? அவர் என்ன சொன்னாலும் எழுதுங்கள். அவர் சம்மதித்தால் அப்படியே வெளியிடுகிறேன்.