சென்னையிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு மாறுகிறோம். எந்தப் பேட்டையில் வீடு பார்க்கலாம்?

‘அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க்கில், மகளுக்கு 5 வயது, மனைவி இப்போதைக்கு வேலைக்குப் போகவில்லை, ஆஃபீசுக்குப் பக்கமாகவும் வாடகை கட்டுப்படியாகவும் எந்த ஏரியா நல்லது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு பெரிய கேள்வியில் உங்கள் மனைவியைப் பற்றி இருப்பது நாலே சொல். அதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியாமல்தான் எழுதுகிறேன்.

2012 பிப்ரவரியில் நானும் அப்படித்தான் இங்கே வந்து இறங்கினேன். ஊர் கும்பகோணம். கையில் ஒண்ணேகால் வயது மகன். என் வீட்டுக்காரர் எங்களுக்கு ஒரு மாதம் முன்னால் வந்து, வந்த நாலாவது நாளே பொங்கோல் என்ற பேட்டையில் ஒரு நாலறை வீட்டுக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாதம் 2,300 வெள்ளி. இங்கே டாலரை அப்படித்தான் சொல்வோம். (இங்கே நாலறை என்றால் நாலு படுக்கையறை இல்லை. ஹாலையும் சேர்த்துத்தான் கணக்கு, படுக்கையறை மூன்றுதான். மூவறை என்றால் இரண்டு. ஏஜெண்டோடு பேசும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.)

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அவருக்கு வேலை அலெக்சாண்ட்ரா பக்கம். அப்போது வடகிழக்கு ரயில் பாதைக்குப் பொங்கோல்தான் முதல் நிலையம், காலையில் உட்கார இடம் கிடைக்கும். வீடு சுத்தம், காற்றோட்டம். லிட்டில் இந்தியா (தேக்கா என்போம்) அதே பாதையில் பத்தாவது நிலையம், ரயில் மாறவே வேண்டாம். ‘உனக்குத் தேக்கா நேர் ரயில்’ என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

அந்த வரைபடத்தில் குழந்தை இல்லை. வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயிலுக்குப் போக முதலில் எல்ஆர்டி என்ற குட்டி ரயில், இல்லையென்றால் பேருந்து. அந்த நாளில் குழந்தைத் தள்ளுவண்டியை விரித்தபடி பேருந்தில் ஏற்ற முடியாது. அந்த அனுமதி 2017 ஏப்ரலில்தான் வந்தது. ஒரு இடுப்பில் பிள்ளை, இன்னொரு கையில் மடக்கிய வண்டி, தோளில் பை, பயண அட்டையைத் தட்ட மூன்றாவது கை வேண்டும். இரண்டு முறை போனேன். மூன்றாவது முறை திரும்பி வரும்போது பேருந்தில் பிரேக் போட்டதில் மகன் நெற்றி கம்பியில் இடித்துக்கொண்டது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை அவர் கூட வந்தால்தான் தேக்கா.

சரி, பக்கத்திலேயே இருப்போம் என்றால் பக்கத்தில் ஆள் வேண்டுமே. எங்கள் மாடியில் எல்லாமே இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள். காலை எட்டு மணிக்கு வரிசையாக இரும்புக் கேட் பூட்டும் சத்தம் கேட்கும். அதோடு மாலை ஏழு மணிவரை தாழ்வாரத்தில் ஒரு செருப்புச் சத்தம் கிடையாது. கீழே இறங்கினால் விளையாட்டு மைதானத்தில் நானும் மகனும்தான். நான் பகலில் தமிழில் பேசிய ஒரே ஆள், ஒரு சீனத் தாத்தாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நாலு மணிக்குக் கீழே வரும் புதுக்கோட்டைப் பெண். வீட்டு வேலைக்கு வந்தவர். தாத்தா வெயிலில் கண்மூடி உட்கார்ந்திருக்க, நாங்கள் பத்து நிமிடம் பேசுவோம். 2013லிருந்து பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு என்று சட்டம் வந்தபோது ‘எனக்கு லீவு வேணாம்க்கா, அந்த நாளுக்குக் காசாக் குடுத்துடுறாங்களாம்’ என்றார். என் மகன் இந்த ஊரில் ‘அக்கா’ என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

2013 ஜூனில் புகைமூட்டம் வந்தது. 21ஆம் தேதி காற்றுத் தரக் குறியீடு 401 வரை போனது. கடைகளில் முகக்கவசம் தீர்ந்துவிட்டது. எதிர் புளோக்கே தெரியாது. சன்னல்களைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துண்டை வைத்து, மகனோடு உள்ளேயே இருந்தேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும். அந்த வாரம் புதுக்கோட்டைப் பெண்ணும் கீழே வரவில்லை. வெள்ளிக்கிழமை இரவு என் வீட்டுக்காரர் வந்து செருப்பைக் கழற்றும்போது பேச ஆரம்பித்தவள், பதினொரு மணிவரை நிறுத்தவில்லை. தட்டில் சோறு காய்ந்துபோயிற்று. சாப்பிடாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘வீடு மாறிடலாம்’ என்றார்.

ஆனால் உடனே மாற முடியவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்று ஒரு ஷரத்து இருக்கும். வேலை போய்விட்டாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, வழக்கமாக 12 மாதம் முடிந்தபின் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். ‘இந்த இடம் ஒத்துவரவில்லை’ என்பதற்கெல்லாம் அது பொருந்தாது. ஆக 2014 பிப்ரவரி வரை அங்கேயேதான் இருந்தோம்.

பொங்கோலில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது 2012இன் பொங்கோல். அப்போது வாட்டர்வே பாயின்ட் கடைத்தொகுதி இல்லை, அது 2016. அரசு பாலிகிளினிக் 2017இல் வந்தது, உணவங்காடி நிலையம் 2022இல்தான். இன்று அங்கே சந்தோஷமாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. பேட்டையில் பழுது இல்லை. பகல் முழுக்க அந்தப் பேட்டையில் இருக்கப் போகிறவளைக் கேட்காமல் எடுத்ததுதான் பழுது.

இரண்டாவது முறை நானே தேடினேன். முதலில் உட்லண்ட்ஸில் ஒரு வீடு பிடித்துப்போய் முன்பணம் கொடுக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். 2014 ஜனவரியில்தான் புது விதி வந்திருந்தது. வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய வீட்டை முழுதாக வாடகைக்கு விடும்போது, மலேசியர் அல்லாத வெளிநாட்டினர் குடியிருக்கும் வீடுகள் ஒரு வட்டாரத்தில் 8 விழுக்காடு, ஒரு புளோக்கில் 11 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்தப் புளோக்கில் அளவு முடிந்திருந்தது. நீங்களும் முன்பணம் நீட்டுமுன் ஏஜெண்டிடம் இதைப் பார்க்கச் சொல்லுங்கள், வீவக இணையத்தளத்தில் பார்த்துவிடலாம். கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அப்புறம் தொலைபேசியில் ‘இந்தியரா?’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடும் வீட்டு உரிமையாளர்கள். ‘சமையல் கூடாது’ என்று நேராகவே சொல்பவர்களும் உண்டு. உங்களுக்கும் நடக்கலாம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எல்லாரும் அப்படி இல்லை. ஈசூனில் எங்களுக்கு மூவறை வீடு கொடுத்தது ஒரு சீன அம்மாதான். ‘நல்லா சமைப்பியா? எனக்கும் கொஞ்சம் கறி வை’ என்று கேட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

அந்த வீடு பழசு, சின்னது. குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாது. குடிவந்த மறுநாள் காலை, கீழே வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில், கல்மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு தமிழம்மா, ‘பசியாறிட்டியாம்மா?’ என்றார். எனக்குப் பசிக்கிறதா என்று கேட்கிறார் போல என நினைத்து ‘பசியெல்லாம் இல்லீங்கம்மா’ என்றேன். இங்கே பசியாறுவது என்றால் காலைப் பலகாரம் சாப்பிடுவது. அவர் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து இரண்டு இடியாப்பத்தை என் மகன் கையில் வைத்தார். அவருடைய மாமனார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவராம். ஈசூன், செம்பவாங் வட்டாரத்தில் தமிழரும் மலையாளிகளும் பல தலைமுறையாக இருப்பதற்கு அந்தத் தளம்தான் காரணம். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு என்னை முதலில் கூட்டிப்போனதும் அவர்தான்.

எங்கள் புளோக்குக்குப் பின்னால், குப்பை அறையை ஒட்டி அவர் வைத்த ஒரு கறிவேப்பிலை மரம். இடுப்பு உயரம். பறிப்பதற்கு ஒரு முறை உண்டு: நுனியைக் கிள்ளக் கூடாது, பக்கக் கொத்தைத்தான் ஒடிக்க வேண்டும், யார் பறித்தாலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போக வேண்டும். அதற்கென்றே நெளிந்த அலுமினியக் குவளை ஒன்று குழாயடியில் கிடக்கும். சோங் பாங் ஈரச்சந்தையில் சீனக் காய்கறிக்கார அங்கிள் ‘முருங்கா, முருங்கா’ என்று என்னைப் பார்த்ததும் எடுத்துவைப்பார். இரண்டு வருடத்தில் பொங்கோலில் எனக்குத் தெரிந்த முகங்களைவிட, இரண்டே வாரத்தில் இங்கே தெரிந்த முகங்கள் அதிகம்.

‘தமிழர்களோடுதான் இருக்க வேண்டுமென்றால் ஊரிலேயே இருந்திருக்கலாமே’ என்று சிலர் கேட்பார்கள், எனக்குத் தெரியும். வீடு கொடுத்தது சீனர். மகனுக்கு மலாய்ச் சொற்களைக் கற்றுக்கொடுத்தது மூன்றாம் மாடி மக்சிக், அதாவது மலாய் அம்மா. நான் கேட்பது தமிழ் முகம் மட்டும் இல்லை, பகலில் திறந்திருக்கும் ஒரு கதவு.

முன்பணம் என்று மேலே சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். பொங்கோல் வீட்டைக் காலி செய்த அன்று வீட்டு உரிமையாளரின் ஏஜெண்ட் சமையலறை அலமாரி ஒவ்வொன்றையும் திறந்து, தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தார். மூன்று நாள் எலுமிச்சையும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்த அலமாரிகள். ‘குழம்பு வாசனை போகவில்லை’ என்று 4,600 வெள்ளி முன்பணத்தில் 850 வெள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். என் மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காசு போனது பெரிதில்லை, அந்த முகர்ந்த விதம் இன்னும் மனதில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மிகாத குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், வக்கீல் தேவையில்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சாவி வாங்கும் நாளிலேயே சுவர், அலமாரி, அடுப்பு, ஏர்கான் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிய சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தம் வழக்கு என்று வந்தால் சாட்சியாக நிற்காது.

இனி உங்கள் விஷயம். சாங்கிக்கு ஈசூனிலிருந்து போய்வரச் சொல்ல மாட்டேன், ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாரும் உங்களுக்குத் தெம்பனிஸ், சீமெய், பிடோக் என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், காரணம் மட்டும் வேறு. 2017 அக்டோபரில் டௌன்டவுன் ரயில் பாதை நீண்ட பிறகு, உங்கள் ஆஃபீஸ் பக்கத்து எக்ஸ்போ தெம்பனிஸிலிருந்து மூன்றே நிலையம். அதே பாதையில் எதிர்ப்பக்கம் போய் ஜாலான் புசாரில் இறங்கினால் உங்கள் மனைவி தேக்காவுக்கு நடந்தே போய்விடலாம். லிட்டில் இந்தியா நிலையமும் அதே பாதைதான், ஆனால் ரயில் மரினா பே பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டு வரும், அதற்காக உட்கார்ந்திருக்க வேண்டாம். தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கும். தெம்பனிஸ் தெரு 11இன் வட்டச் சந்தை, பிடோக் நார்த்தின் பழைய புளோக்குகள், இந்தப் பக்கமாகப் பாருங்கள். பளபளப்பான புதுப் புளோக்கைவிட, கீழே வயசானவர்கள் உட்கார்ந்திருக்கும் பழைய புளோக்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு என்று ஓடாதீர்கள். ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை என்பது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலை ஒன்றில் (நம்மூர் ஒன்றாம் வகுப்பு) கடைசிக் கட்டத்தில், மிச்சமிருக்கும் இடத்தில்தான் வாய்ப்பு. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளிலும் உங்கள் மகளைச் சேர்க்க முடியாது, தனியார் பாலர் பள்ளிதான்.

முதல் ஒரு மாதத்துக்குக் கம்பெனியிடம் சர்வீஸ் அப்பார்ட்மெண்ட் கேளுங்கள். வீவக வீட்டில் குறைந்தது ஆறு மாதம், கொண்டோவில் மூன்று மாதம் என்று விதி இருப்பதால் நடுவில் சும்மா தங்கிப் பார்க்க வேறு வழி இல்லை. மனைவியும் மகளும் வந்து சேருகிறவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வந்தபின் வார நாளில், பிற்பகல் மூன்று மணிக்கு, அவர்கள் இருவர் மட்டும் அந்தப் புளோக்குக்குப் போய் ஒரு மணி நேரம் கீழே உட்கார்ந்து பார்க்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் ஆஃபீசில்தானே இருப்பீர்கள்.

உங்கள் மனைவி எந்த இடத்தைச் சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள் தம்பி. தெம்பனிஸ் என்றால் வட்டச் சந்தைப் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா இரண்டு பேர் இருக்கிறார்கள், முதல் வாரத்திலேயே வந்து பார்க்கச் சொல்கிறேன்.