மாலையில் நேராக நின்ற வண்டி காலையில் சாய்ந்தது ஏன்? மோட்டார் ஹோம் காற்று வால்வுகள்: கேள்வி பதில்

பின்புறம் டீசல் எஞ்சின் வைத்த பெரிய மோட்டார் ஹோம்கள், அதாவது வீடு போல உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிகள், பஸ்களைப் போலவே காற்றடைத்த ரப்பர் பைகளின் மேல் நிற்பவை. ஓடும்போது பைகளில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது, அச்சோடு ஒரு சிறு கம்பியால் இணைந்த உயர வால்வு. சில வண்டிகளில், நிறுத்திய இடத்தில் மட்டமாக்குவதற்கும் அதே பைகள்தான். அந்த வேலைக்குத் தனியாக, மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வுத் தொகுதி இருக்கும். இவை கசிவதைப் பற்றி அமெரிக்காவில் வண்டி வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்டவற்றுக்கு, பஸ் பணிமனையில் தொடங்கி இந்த வண்டிகளின் அடியில் பாதி ஆயுளைக் கழித்தவன் சொல்லும் பதில்கள் இவை.

ஐயா, ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் தங்கியிருந்தோம். மாலையில் மட்டமாக்கிய வண்டி விடிவதற்குள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. வால்வை மாற்ற வேண்டுமா?

முதலில் ஒன்று சொல்லுங்கள்: நான்கு மூலையும் ஒன்றுபோல் இறங்கினவா, ஒரு மூலை மட்டுமா? ஒன்றுபோல் இறங்கியிருந்தால் வால்வின் மேல் பழி போடாதீர்கள். குளிர்தான் காரணமாக இருக்கும். பிற்பகலில் 25 டிகிரி செல்சியஸ் இருந்து விடியற்காலையில் 5 டிகிரிக்கு வந்தால், பைக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு சுருங்கும். மேலே இருக்கும் பாரம் மாறாததால் பை அந்த அளவு தாழ்கிறது. காற்றுத் தொட்டியின் அளவுமானியிலும் இதைப் பார்க்கலாம். மாலையில் 120 பிஎஸ்ஐ காட்டியது, ஒரு துளி கசியாமலே காலையில் 111 காட்டும். ஒரு மூலை மட்டும் தொங்கினால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

அண்ணா, என் வண்டியில் வலது பின்பக்கம் மட்டும் இரவோடு இரவாகத் தரை தட்டுகிறது. மூன்று உயர வால்வுகளையும் மாற்றச் சொல்கிறார் பழுது பார்ப்பவர். (டெக்சாஸ்)

மாற்றிய பிறகும் தரை தட்டினால் அவர் என்ன சொல்வார் என்று கேட்டீர்களா, தம்பி? இரண்டு இரவு பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு வண்டியை மட்ட நிலையில் வையுங்கள். காற்றால் மட்டமாகும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில், அந்த நிலையில் உயர வால்வுக்கும் பைக்கும் இடையே வழி அடைபட்டுவிடும். அப்போதும் வலது பக்கம் இறங்கினால், பையோ குழாயோ சோலனாய்டு தொகுதியோதான் குற்றவாளி. மறு இரவு பயண நிலையில் விடுங்கள். அப்போது மட்டும் இறங்கினால்தான் உயர வால்வின் மேல் சந்தேகம்.

அதன் பிறகு சோப்பு நீர். பாத்திரம் கழுவும் சோப்பைக் குழைத்துத் தெளிப்பானில் ஊற்றி, பையின் மடிப்பு, குழாய் இணைப்பு, வால்வின் வெளியேற்றும் துளை என்று ஒவ்வொன்றாக நனைத்துவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் வேலை. சீறுகிற கசிவைக் காதே கண்டுபிடித்துவிடும்; இரவு முழுவதும் எடுத்துக்கொண்டு வண்டியை இறக்கும் கசிவு அப்படிச் சத்தம் போடாது. ஒருமுறை வெளியேற்றும் துளையின் வாயில் ஒரு குமிழி மிளகு அளவில் தோன்றி, சுண்டைக்காய் அளவுக்கு வளர்ந்து, உடைந்து, மறுபடி மிளகாக முளைப்பதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டிக்கு அதற்கு முன்பே இரண்டு புதிய பைகள் மாட்டியிருந்தார்கள்.

சோலனாய்டு தொகுதியில்தான் கசிவு என்று தெரிந்துவிட்டது. முழுத் தொகுதியையும் மாற்றாமல் நானே பிரித்துச் சரிசெய்ய முடியுமா?

கை நிதானம் இருந்தால் முடியும். ஒவ்வொரு மின்கம்பியிலும் ஒட்டுத்தாளில் எண் எழுதி ஒட்டிவிட்டுப் பிரியுங்கள். ஏற்றும் கம்பியும் இறக்கும் கம்பியும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே திருகில் கை வையுங்கள். உள்ளே காய்ந்து தட்டையான ஓ ரிங்குகளும் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்கள்), வால்வு அமரும் இடத்தில் வெண்ணிறப் பொடியும் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தைக் கத்தியால் சுரண்டாதீர்கள், மென்துணி போதும். புது ஓ ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் விரலால் தடவிய மாதிரித் தெரியும் அளவுக்கு மட்டும்.

அந்த வெண்பொடி, காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் காற்று உலர்த்தியின் உள்ளே இருக்கும் மணிகள் நொறுங்கி வந்தது. அங்கே சுத்தம் செய்யாமல் வால்வை மட்டும் புதுப்பித்தால், அடுத்த ஆண்டு இதே கேள்வியோடு வருவீர்கள். உலர்த்தியின் கேட்ரிட்ஜை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். பழைய வண்டியை வாங்கியவர்களிடம் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், அப்படி ஒன்று இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

இணைப்புகளில் டெஃப்லான் நாடா சுற்றலாமா?

வேண்டாம். பிய்ந்த நார் ஒன்று உள்ளே போனால் வால்வு மூடாது. மரைகளுக்கான பசை போதும். அழுத்திச் செருகும் இணைப்பென்றால் எதுவும் தேவையில்லை. நைலான் குழாயைக் குழாய் வெட்டியால் நேராக வெட்டினாலே போதும். கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டியதால் வரும் கசிவுகளே ஏராளம்.

என் கணவர் வண்டியை மேலே ஏற்றிவிட்டு அதன் அடியில் படுத்து வேலை பார்க்கிறார். பயமாக இருக்கிறது, ஐயா.

பயப்பட வேண்டியதுதான், அம்மா. அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, ரப்பருக்குள் அடைத்த காற்றில் நிற்கிறது. உயர வால்வின் கம்பியைக் கழற்றியதும் அதன் கை கீழே விழுந்தால், "காற்றை விடு" என்று வால்வுக்குக் கட்டளை போனதாகவே அர்த்தம். பை வடியும், வண்டி இறங்கும், ஆள் உருண்டு வெளியே வர நேரம் இருக்காது. எனக்கே அப்படி ஒருமுறை நடந்தது. வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே தாங்கிகள் வைத்திருந்ததால் வண்டி நாலு விரல் இறங்கி நின்றது. என் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அந்தச் சட்டம். உடைகிற கான்கிரீட் கட்டை உதவாது. எடைக்கேற்ற எஃகுத் தாங்கிகளைச் சட்டத்துக்கு அடியில் வைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைக்காமல் தலையைக்கூட உள்ளே நீட்டக் கூடாது.

கசிவோடு வீடு வரை ஓட்டிப் போகலாமா?

பிரேக்கும் இதே காற்றில்தான் இயங்குகிறது. பிரேக்கின் காற்றைப் பைகளின் கசிவு குடித்துவிடாமல் இருக்கப் பாதுகாப்பு வால்வு உண்டு. இருந்தாலும் ஒரு சோதனை செய்துவிட்டே கிளம்புங்கள். அழுத்தம் நிறைந்ததும் எஞ்சினை நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு ஆப்பு வைத்துவிட்டு பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பிரேக் மிதியை அழுத்திப் பிடித்தபடி என்றால் 3. அமெரிக்காவில் கனரக ஓட்டுநர்களுக்குக் கற்றுத்தரும் கணக்கு இது. அதற்கு மேல் இறங்கினால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

புது வால்வு மாட்டியாயிற்று. இப்போது பின்பக்கம் தூக்கலாக நிற்கிறது. இதுவும் கோளாறா?

கம்பியின் நீளம் மாறிவிட்டது, அவ்வளவுதான். சமதளத்தில் நிறுத்தி, காற்றை நிறைத்து, சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கம்பியைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் வண்டி அசைந்து அடங்கும் வரை பொறுத்து மறுபடி அளவெடுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டால், எஞ்சினிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டின் கோணம் மாறி, நெடுஞ்சாலையில் அதிரத் தொடங்கும்.